மூச்சின் விலையும் காணி உறுதியும்

இரண்டு வருடங்களுக்கு முன், மாரி முடிந்த கையோடு, மீள்குடியேறிய கிராமமொன்றிலிருந்து சகோதரர் இருவர் எம்மிடம் வந்தனர். கையிலே காணி உறுதி. மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்ட தகப்பனார், தனியார் வைத்தியசாலை ஒன்றில் பதினொரு நாட்களாகச் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். தாயின் தாலிக்கொடி அடகில். கறவை மாடுகளும் விற்றாயிற்று. "சுவாமி, காணியை ஈடு வைக்காமல் விட்டால் அப்பாவைக் கொன்ற பாவம் எங்களுக்கு வருமோ?" என்று மூத்தவர் கேட்டார்.

இக்கேள்வி நாளை எமது வீட்டு வாசலுக்கும் வரலாம். ஆகவே அமைதியான வேளையிலேயே சிந்திப்போம்.

சுவாச இயந்திரம் நோயை மாற்றுவதில்லை. நுரையீரலின் வேலையைத் தான் செய்து, உடல் தேறுவதற்குத் தவணை வாங்கித் தருகிறது. அத்தவணைக்கு ஒட்சிசன், இரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்துகள், ஓயாத பரிசோதனைகள், இரவு பகலாகத் தாதியரின் பராமரிப்பு, சிலருக்கு இரத்தச் சுத்திகரிப்பு என்பன வேண்டும். தனியாரிடம் இவையெல்லாம் நாட்கணக்கில் பணமாகின்றன. அரச வைத்தியசாலையில் இதே சிகிச்சை இலவசம். ஆனால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில்கள் குறைவு.

எனவே ஆபத்து வேளையில் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது. தனியாரிடம் சேர்க்க நேர்ந்தால், நாளொன்றுக்கு எவ்வளவு செலவாகும், அரச வைத்தியசாலைக்கு மாற்ற முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வைத்தியரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: தேறுவாரா? தேறினால் எந்த நிலையில் இருப்பார்? எத்தனை நாள் பார்த்து முடிவு செய்யலாம்?

பாவம் பற்றிய கேள்விக்குத் திருச்சபை தெளிவாகவே பதில் தந்துள்ளது. உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது கடமை. தாங்கொணாச் சுமையாகும் அசாதாரண வழிகள் கடமையல்ல என்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957இல் மருத்துவர்களிடம் கூறினார். 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடும் இதையே போதிக்கிறது. கொல்வது வேறு; மரணத்தைத் தடுக்க முடியாது என ஏற்பது வேறு. ஆயினும் உணவு, நீர், நோவு தணிக்கும் மருந்து, அருகிருக்கும் அன்பு ஆகியவற்றை நிறுத்தலாகாது.

ஏழை என்பதற்காக, தேறக்கூடியவரைக் கைவிடலாம் என்பது இதன் பொருளன்று. அது அநீதி. எமது கிராமங்களில் மரண சகாய சங்கங்கள் உண்டு. இறந்தபின் பெட்டிக்குப் பணம் சேர்க்கும் நாம், உயிரோடு இருக்கையில் உதவ ஒரு நோயாளர் நிதியையும் தொடங்கினால் என்ன?

அச்சகோதரர்கள் வைத்தியரிடம் அம்மூன்று கேள்விகளையும் கேட்டனர். தேறும் வழியில்லை என்று அவர் கூறினார். தகப்பனார் நோயிற்பூசுதல் பெற்று, பிள்ளைகள் கைபிடித்திருக்க இறைவனடி சேர்ந்தார். காணி ஈடு போகவில்லை. அடுத்த காலபோகத்தில் அதிலே நெல் விதைத்தார்கள்.