யாழ்ப்பாணத்துக்கு ஒரு மரபுரிமை ஆணைக்குழு

ஒரு நகரின் பழங்கட்டடங்களுள் எவை காக்கப்பட வேண்டியவை என்று ஆராய்ந்து பட்டியலிடுவதும், அவற்றை இடிக்கவோ மாற்றிக் கட்டவோ விரும்புவோரின் விண்ணப்பங்களைப் பரிசீலித்து அனுமதி குறித்து முடிவுரைப்பதும் உள்ளூர் மரபுரிமைப் பாதுகாப்பு ஆணைக்குழு எனப்படும் அமைப்பின் தலையாய பணிகளாகும். நியூயோர்க்கின் புகழ்பெற்ற பென்சில்வேனியா புகையிரத நிலையத்தை இடிக்கும் வேலை 1963இல் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பு, 1965இல் அந்நகருக்கென அத்தகைய ஆணைக்குழு ஒன்று சட்டப்படி அமைவதற்கு வழிவகுத்தது. இலங்கையில் இதற்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு காலி நகரம். அதன் கோட்டையும் பழைய நகரும் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. 1994ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் காலி மரபுரிமை மன்றத்தை நிறுவியது. யாழ்ப்பாணத்துக்கு அவ்வாறு சட்டத்தால் நிறுவப்பட்ட தனி அமைப்பு இல்லை.

யாழ்ப்பாணத்தின் தொன்மைச் சின்னங்கள் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாகக் கொண்டு தொன்மையை வரையறுக்கும் இச்சட்டத்தின்படி, தனியார் நிலத்திலுள்ள சின்னம் ஒன்று வர்த்தமானியில் அறிவிக்கப்படும்போதே பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்னும் தகுதியைப் பெறுகிறது. தனித்தனிச் சின்னங்களைக் காப்பதற்கு ஏற்ற இம்முறை, பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் உருவான வீடுகளும் கடைத்தெருக்களும் சேர்ந்து தரும் ஊரின் தோற்றத்தைக் காப்பதற்குப் போதியதன்று.

வர்த்தமானி அறிவித்தல் மட்டும் சுவரைத் தாங்கிப் பிடிக்காது என்பதற்கு நல்லூரே சான்று. யாழ்ப்பாண இராச்சியத்தின் அமைச்சரோடு மரபுவழியாகத் தொடர்புபடுத்தப்படுவதும், இன்றைய அமைப்பில் ஐரோப்பியக் கட்டடக்கலைச் சாயல் மிகுந்ததுமான மந்திரி மனை, நெடுங்காலம் பராமரிப்பின்றிச் சிதைந்து, 2025இல் பெய்த மழையில் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. யாழ்ப்பாணக் கோட்டையின் நிலை வேறு: ஒல்லாந்தர் 1706இல் அதனுள் சிலுவை வடிவில் எழுப்பிய தேவாலயம் போரில் அழிந்துபோயினும், போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு மதில்களைச் சீரமைக்கும் பணி முன்னெடுக்கப்பட்டது. பெருஞ்சின்னத்துக்குக் கிடைக்கும் இத்தகைய கவனம் சிறியவற்றுக்குக் கிடைப்பதில்லை.

அச்சிறியவையே குடாநாட்டின் தனித்தன்மையைச் சொல்பவை. பருத்தித்துறையின் தெருமூடிமடத்தில் வீதியின் இருமருங்கும் வழிப்போக்கர் தங்குவதற்கான திண்ணைகளும் கற்றூண்களும் அமைய, அவற்றின் மேலுள்ள கூரை வீதியையே மூடி நிற்க, போக்குவரத்து அதனூடாகவே நடைபெறுகிறது. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்க உதவிய சுமைதாங்கி, கால்நடைகள் உடலை உரஞ்சிக்கொள்ள நாட்டிய ஆவுரஞ்சிக்கல், நடுமுற்றத்தைச் சூழ நாற்புறமும் தாழ்வாரமும் அறைகளும் அமைந்த நாற்சார் வீடு ஆகியன வீதி அகலிப்பின்போதும், காணி பங்கிடப்படும்போதும், வெளிநாட்டுப் பணத்தில் புதுமனை எழும்போதும் ஓசையின்றி மறைகின்றன.

இவ்விடத்திலேயே உள்ளூர் ஆணைக்குழுவின் பயன் தெளிவாகிறது. மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கட்டட அனுமதி கோரும் விண்ணப்பம் வந்தவுடன், கட்டடம் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, முகப்பைப் பேணிக்கொண்டு பின்புறத்தில் புதிதாகக் கட்டுவது போன்ற மாற்றுவழிகளை உரிமையாளருக்கு அது காட்டலாம். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழஞ்சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிக் கல்லையும் சாந்தையும் அரிக்கும். இத்தகைய தொழில்நுட்ப அறிவுரை உரிமையாளருக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். காக்கும் கடமையை உரிமையாளர் மேல் சுமத்தும் சபை, ஆதனவரிச் சலுகை, திருத்தச் செலவில் ஒரு பங்கு போன்ற ஈடுகளையும் அளித்தாலொழிய, பட்டியலில் பெயர் வருவதைத் தண்டனையாகவே மக்கள் கருதுவர்.

நம்பிக்கை என்பது இன்னொரு காரணம். கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென 2020இல் அமைக்கப்பட்ட சனாதிபதிச் செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ இடம்பெறாமை, தொல்லியல் என்ற சொல்லையே காணி பறிபோகும் அச்சத்தோடு இணைத்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, தொல்லியல் அறிஞர்களும், கட்டடக்கலைஞரும், கோயில் பரிபாலகரும், ஊரவரும், எல்லாச் சமயத்தவரும் அமரும் குழுவொன்று அவ்வச்சத்தைத் தணிக்க வல்லது.

இதற்குச் சட்டவழியும் உண்டு. தேசிய முக்கியத்துவம் உடையவை எனப் பாராளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டவை தவிர்ந்த தொன்மை, வரலாற்றுச் சின்னங்களை 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளின் அதிகாரப் பட்டியலில் வைத்துள்ளது. எனவே, வட மாகாணத்துக்கென ஒரு நியதிச்சட்டம் இயற்றப்பட்டு, அதன்கீழ் யாழ்ப்பாண ஆணைக்குழு அமைக்கப்பட வேண்டும். அதுவரை ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள் எஞ்சியிருக்கும் மடங்களையும் கேணிகளையும் நாற்சார் வீடுகளையும் பட்டியலிடத் தொடங்குவதே உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.