கொடுமுடியில் ஒரு குடித்தனம்

1919-ம் ஆண்டு. காவிரிக் கரையில் உள்ள கொடுமுடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. கும்பகோணத்துக் குடும்பம் அது. தாய், மகன், மருமகள் வந்திருந்தார்கள். மகனுக்கு வயது 31. உடம்பு துரும்பாக இளைத்திருந்தது. சீமையிலிருந்து கப்பலேறித் திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அந்த மகன்தான் கணித மேதை ராமானுஜன்.

கொடுமுடி இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. அந்நாளில் அது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. மகுடேசுவரர் கோயில் உள்ள ஊர். சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரையும் ஒரே கோயிலில் கும்பிடலாம். பின்னாளில் தன் குரலால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட கே.பி.சுந்தராம்பாள் பிறந்த ஊரும் இதுதான். 1919-ல் அவர் சிறுமி.

ராமானுஜனுக்கும் இந்த மண் புதிது அல்ல. 1887 டிசம்பர் 22-ந் தேதி அவர் பிறந்தது ஈரோட்டில், தாயைப் பெற்றவர்கள் வீட்டில். பிறந்த சீமைக்கே நோயாளியாகத் திரும்பி வந்தார்.

அவருடைய கணக்கைப் பற்றி உலகமே பேசுகிறது. ஆனால் அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார். அவர் பெயர் ஜானகி. வயது 20. கழுத்தில் தாலி ஏறிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் புருஷனோடு குடித்தனம் என்பது அவருக்கு அந்த ஆண்டில்தான் தொடங்கியது. தொடங்கியபோதே கணவர் படுக்கையில் இருந்தார்.

பத்து வயது மணமகள்

ஜானகியின் ஊர் ராஜேந்திரம். குளித்தலைப் பக்கத்தில் உள்ள கிராமம். 1909 ஜூலை 14-ந் தேதி கல்யாணம். பெண்ணுக்குப் பத்து வயது. மாப்பிள்ளைக்கு 21. அவர் காலேஜில் தேறாதவர். வேலையும் கிடையாது. கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் மட்டும்.

அக்கால வழக்கப்படி பெண் தாய்வீட்டிலேயே இருந்தாள். 1912-ல் ராமானுஜனுக்குச் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய் சம்பளம். பிறகு ஜானகியும் சென்னைக்கு வந்தார். மாமியார் கோமளத்தம்மாளும் கூட இருந்தார். இளம் தம்பதிகள் தனியாக உட்கார்ந்து பேசவும் இடமில்லாத வீடு அது.

1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் அவர் தலையெழுத்தையே மாற்றியது. 1914 மார்ச் 17-ந் தேதி கப்பல் ஏறினார். அதற்கு முன்பே தாயையும் மனைவியையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். ஏன் தெரியுமா? சீமைக்குப் போவதற்காகக் குடுமியை எடுக்கவேண்டியிருந்தது. அதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார்.

ஜானகிக்கு அப்போது 15 வயது கூட நிறையவில்லை. கணவரை மறுபடியும் பார்க்க ஐந்து வருஷம் ஆயிற்று.

புகழும் வந்தது, நோயும் வந்தது

சீமையில் ராமானுஜனுக்கு நல்லதும் கெட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போர்க்காலம். மரக்கறி உணவுக்காரருக்குச் சரியான சாப்பாடு கிடைக்கவில்லை. தானே சமைத்துக்கொண்டார். குளிர் வேறு. 1917-ல் படுத்தார். அதன்பிறகு ஒரு மருத்துவமனை மாற்றி ஒரு மருத்துவமனை. டாக்டர்கள் முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள்.

அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் நம்மவர். டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தில் காசநோய் விடுதி நடத்தியவர். இவரே பிறகு 1928-ல் தாம்பரத்தில் சானட்டோரியத்தைத் தொடங்கினார்.

நோயாளிக்குக் கட்டில், உலகத்துக்கோ அவர் பெரிய அறிஞர். 1918 மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியர்களில் அவர் இரண்டாமவர். அந்த அக்டோபரில் டிரினிடி கல்லூரி அவரை 'பெலோ' ஆக்கியது. இந்தியர் எவருக்கும் அதற்கு முன் அந்தப் பதவி கிடைத்ததில்லை.

சென்னைப் பல்கலைக் கழகமும் சும்மா இருக்கவில்லை. ஊர் திரும்பினால் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்து ஆண்டுகளுக்குத் தருவதாகச் சொன்னது. பவுனுக்கு 15 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 300 ரூபாய்க்கு மேல். 30 ரூபாய் குமாஸ்தாவுக்கு!

1919 ஜனவரியில் ராமானுஜன் அதற்குப் பதில் எழுதினார். அவ்வளவு பணம் எனக்கு வேண்டாம் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன், தமக்கு வேண்டிய செலவு, இவை போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டார். பிழைத்து எழுந்து வாழப்போகிறோம் என்ற நம்பிக்கை இல்லாதவர் இப்படி எழுதமாட்டார்.

முதல் கேள்வி

1919 மார்ச் 27-ந் தேதி கப்பல் பம்பாய் சேர்ந்தது. தாயும் தம்பியும் வரவேற்கப் போயிருந்தார்கள். ஜானகியைக் காணவில்லை. அவள் எங்கே என்றுதான் ராமானுஜன் முதலில் கேட்டாராம். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் இதைச் சொல்கிறார்கள்.

ஜானகி கணவர் வீட்டில் இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துவரவில்லை. தான் எழுதிய கடிதங்கள் சீமைக்குப் போய்ச் சேரவில்லை, அவர் எழுதியவையும் தன் கைக்கு வரவில்லை என்று ஜானகி பிற்காலத்தில் சொன்னார். இடையில் நின்று கடிதங்களைத் தடுத்தவர் கோமளத்தம்மாள்.

அந்தத் தாயை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வறுமையில் பிள்ளையை வளர்த்தவர் அவர். அந்தப் பிள்ளை கடல் கடந்து போனான். எலும்பும் தோலுமாகத் திரும்பினான். பெற்ற வயிறு எரியாமல் இருக்குமா? எரிந்த வயிறு மருமகள்மேல் பாய்ந்தது. நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான்.

ராமானுஜன் சென்னை வந்த சில நாட்களுக்குள் ஜானகியும் தம் அண்ணனோடு வந்து சேர்ந்தார். அதன்பிறகு கணவரை விட்டு நகரவில்லை.

காவிரிக் குளியல்

சென்னை வெயில் நோயாளிக்கு ஆகவில்லை. அதனால்தான் கொடுமுடி. இரண்டு மாதம் போல அங்கே இருந்தார்கள்.

அங்கே ஒரு நிகழ்ச்சி. ஆவணி அவிட்டம் வந்தது. பூணூல் மாற்றும் நாள். ராமானுஜன் காவிரிக்குப் புறப்பட்டார். ஜானகியும் கூட வர ஆசைப்பட்டார். மாமியார் கூடாது என்றார். எப்போதும் தாய் சொல்லைத் தட்டாதவர் ராமானுஜன். அன்று தட்டினார். அவளும் வரட்டும் என்று அமைதியாகச் சொன்னார். இருவரும் ஆற்றுக்குப் போனார்கள்.

இது என்ன பெரிய விஷயம் என்று இன்றைய பெண்கள் கேட்கலாம். பத்து வருஷமாக மனைவி என்று பெயர் மட்டும் இருந்த பெண்ணுக்கு அது பெரிய விஷயம். அன்று முதல் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு மெல்ல மெல்ல ஜானகி கைக்கு வந்தது.

நோயோ குறையவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. நோயின் எரிச்சலில் ராமானுஜனுக்குக் கோபமும் வந்தது. ஆனால் பேச்சும் இருந்தது. கணவரிடம் பேசவே தடை இருந்த பெண், இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சீமைக் கதைகளைக் கேட்டார். உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் எனக்கு இந்த நோயே வந்திருக்காது என்றும் அவர் சொன்னாராம்.

சேத்துப்பட்டு வீடு

செப்டம்பரில் கும்பகோணம் போனார்கள். டாக்டர் சந்திரசேகர் என்ற காசநோய் நிபுணர் வைத்தியம் பார்த்தார். 1920 ஜனவரியில் மறுபடி சென்னை. சேத்துப்பட்டில் செல்வர் நம்பெருமாள் செட்டியார் வீடு கொடுத்து உதவினார்.

அந்த ஜனவரி 12-ந் தேதி ராமானுஜன் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். தம் உடம்பைப் பற்றி அல்ல. புதிதாகக் கண்டுபிடித்த ஒரு கணக்கைப் பற்றி! 'போலி தீட்டா சார்புகள்' என்று அதற்குப் பெயர். விண்வெளியில் உள்ள கருந்துளைகளை ஆராய்கிறவர்கள் கூட இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஜானகிக்கு அந்தக் கணக்கு புரியாது. கணவருக்குக் காகிதம் வேண்டும் என்பது புரிந்தது. வேளாவேளைக்குச் சோறும், எலுமிச்சம்பழச் சாறும், மோரும் கொடுத்தார். நெஞ்சிலும் காலிலும் வலி என்றால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். எழுதி முடித்த காகிதங்களை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

1920 ஏப்ரல் 26-ந் தேதி ராமானுஜன் கண்ணை மூடினார். வயது 32. ஜானகிக்கு 21.

கணவரோடு சேர்ந்து வாழ்ந்த காலம் ஓராண்டும் சில நாட்களும். அதில் நல்ல உடம்போடு அவரைப் பார்த்த நாள் ஒன்றுகூட இல்லை.

வீட்டிலேயே வைத்தியம்

அது உண்மையில் காசநோய்தானா? 1994-ல் யங் என்ற ஆங்கிலேய டாக்டர் பழைய குறிப்புகளை எல்லாம் ஆராய்ந்தார். ராமானுஜனுக்கு முன்பே சீதபேதி வந்ததுண்டு. அந்த அமீபாக் கிருமி ஈரலில் தங்கிப் புண்ணாக்கியதுதான் நோய் என்பது அவர் முடிவு. கண்டுபிடித்திருந்தால் அந்தக் காலத்திலேயே வைத்தியம் இருந்தது. கண்டுபிடிப்பதுதான் கடினம்.

காசநோய்க்கோ அப்போது மருந்தே கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இவைதான் வைத்தியம். முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டில், 36 ஆண்டுகளுக்குப் பிறகு, 1956-ல் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே 193 நோயாளிகளை வைத்துச் சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு விடுதியில் வைத்தியம். பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான வீடுகள். சத்தான சாப்பாடும் இல்லை. ஆனாலும் மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டதால், விடுதியில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே அவர்களும் குணமடைந்தார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகத்தையே வியக்க வைத்தது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கவேண்டிய அவசியம் போயிற்று.

இன்று கோவை கணபதியில் ஒரு பட்டறைத் தொழிலாளிக்கு இந்த நோய் வந்தால், அவர் ஊரை விட்டுப் போகவேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். நடுவில் நிறுத்தக்கூடாது. வீட்டில் புது மருமகள் வந்திருக்கலாம். மகனுக்குப் புது வேலை கிடைத்திருக்கலாம். அவற்றைத் தள்ளிப்போட வேண்டிய காலம் போய்விட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சோதித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு பாத்திரங்கள்

ஜானகி என்ன ஆனார்? சில ஆண்டுகள் பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்தார். தையல் கற்றுக்கொண்டார். சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியாகக் குடியிருந்தார். பல்கலைக் கழகம் கொடுத்த பென்ஷன் மாதம் 20 ரூபாய். அது போதாது. துணி தைத்தார். பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார். 1950-ல் ஒரு சிறுவனை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்து ஆளாக்கினார். 

அவர் பெட்டியில் வைத்த காகிதங்களும் ஊர் சுற்றின. பல்கலைக் கழகம் 1923-ல் அவற்றை ஹார்டிக்கு அனுப்பியது. பிறகு அவை எங்கே போயின என்றே தெரியாமல் இருந்தது. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் டிரினிடி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியைத் திறந்தபோது அந்தத் தாள்கள் கிடைத்தன. அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள். படுக்கையில் கிடந்து எழுதியவை.

கணவருக்கு ஒரு சிலை வைக்கவில்லையே என்பது ஜானகியின் குறை. அதைக் கேள்விப்பட்ட வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் பணம் திரட்டினார்கள். கிரான்லண்ட் என்ற அமெரிக்கச் சிற்பி மார்பளவு வெண்கலச் சிலை செய்தார். 1980-களில் அது ஜானகி கைக்கு வந்தது.

1994 ஏப்ரல் 13-ந் தேதி ஜானகி காலமானார். வயது 95. கணவர் இறந்து 74 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த பாத்திரங்கள் இரண்டு. அவற்றைத் தம் முதுமையிலும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாட்களின் நினைவு வரும் என்று தம்மைப் பேட்டி கண்டவர்களிடம் சொன்னார்.