நியூட்டன் வைத்த விலையும் மாரிகுப்பத்துச் சுரங்கமும்

புவியீர்ப்பு விசைக்காக நாம் அறிந்திருக்கும் ஐசக் நியூட்டன், வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகள் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். லண்டன் நாணயச்சாலை அவர் பொறுப்பில் இருந்தது. 1717-இல் அவர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, கினி என்ற தங்க நாணயத்தின் மதிப்பு 21 ஷில்லிங் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அந்தக் கணக்குப்படி 22 காரட் தங்கம் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 31 கிராம், 3 பவுண்டு 17 ஷில்லிங் பத்தரைப் பென்ஸ். பெரும் போர்கள் வந்தபோது நிறுத்திவைக்கப்பட்டு, போர் முடிந்ததும் மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, 1931 வரை அந்த விலை நின்றது.

இந்த விலைக்கும், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பத்தோடு கிளம்பிக் கோலார் தங்கவயலுக்குப் போன தமிழர்களுக்கும் என்ன தொடர்பு? சுரங்கத்தில் கல் உடைத்தவரின் கூலி, அவர் இறங்க வேண்டியிருந்த ஆழம், அவர் நுரையீரலில் படிந்த தூசு ஆகிய மூன்றையும் இந்த விலை தொட்டது. கே.ஜி.எஃப். எனப்படும் கோலார் தங்கவயலின் வரலாற்றைத் தங்கம் கிடைத்த கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். விலையின் கதையாகச் சொல்லிப் பார்த்தால், உலகப் போர்களும் புரட்சிகளும் பாறைக்குள் எவ்வளவு தூரம் இறங்கின என்பது தெரியவரும்.

முதலில் பாறை. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பொங்கி உறைந்த எரிமலைக் குழம்பு, பின்னர் புதைந்து, வெந்து, மடிந்து, வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய பட்டையாகக் கோலார் மாவட்டத்தில் கிடக்கிறது. அதன் விரிசல்களில் ஆழத்திலிருந்து சுடுநீர் ஏறியது. அந்த நீரில் கரைந்திருந்த கந்தகச் சேர்மங்கள் தங்கத்தையும் கரைத்துத் தூக்கிவந்தன. அழுத்தமும் வேதிநிலையும் மாறிய இடங்களில் தங்கம் பிரிந்து, வெண்மையான குவார்ட்ஸ் கல்லோடு சேர்ந்து படிந்தது. இந்தப் படிவுகள் சுவர்களைப் போலச் செங்குத்தாகக் கீழே இறங்குகின்றன. மேலே இருப்பதை எடுத்து முடித்தால் அடுத்து ஆழத்துக்குத்தான் போயாக வேண்டும்.

திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு மைசூரின் எல்லையை அளக்க வந்த அதிகாரிகளில் ஒருவர் ஜான் வாரன். ஐரிஷ் வேர் கொண்ட பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியால் ஊரைவிட்டு வெளியேறி, ஆங்கிலேயப் படையில் சேர்ந்து இந்தியா வந்தவர். 1802-இல் இந்தக் கோலார்ப் பகுதியின் உரிகம், மாரிகுப்பம் பக்கத்து மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைக் கேள்விப்பட்டு, தாமும் சோதித்துப் பார்த்து அரசுக்கு எழுதினார். (இவர் பின்னாளில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பிலும் இருந்தார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாகவே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தவரும் இவரே. அந்தப் பதிவுக்காகவே தமிழர்கள் இவரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.) பாரிசில் நடந்த புரட்சி ஒரு பிரபுவை விரட்டாமல் இருந்திருந்தால், மாரிகுப்பம் பற்றிய முதல் ஆங்கில அறிக்கையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு 1870களில் வந்தவர் மைக்கேல் லவேல். நியூசிலாந்தில் மாவோரி மக்களின் நிலத்துக்காக நடந்த போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற சிப்பாய். 1875-இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். அவரிடம் பணம் போதவில்லை. 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என நான்கு பெரிய சுரங்கங்கள் எழுந்தன. கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளிகளும் இத்தாலியர்களும் மேற்பார்வைக்கு வந்தார்கள். கீழே இறங்கிக் கல் உடைத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், அதிலும் ஆதிதிராவிடர்கள். பண்ணையாரின் நிலத்திலும் சாதியின் பிடியிலும் மூச்சுமுட்டிக் கிடந்தவர்களுக்கு, மாதக் கூலி தரும் சுரங்கம் ஒரு வாசலாகத் தெரிந்தது. அந்த வாசலின் அருமையை அவர்களே நன்றாக அறிந்திருந்தார்கள்: சாதியை எதிர்த்த சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் வேர் பிடித்தது. அவர் 1914-இல் மறைந்த பிறகு, அவர் நடத்திய 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் மீண்டும் கொண்டுவந்தார்.

இனி விலைக்கு வருவோம். சந்தையில் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும், செய்யும் செலவு கூடினால் விற்கும் விலையும் கூடும். தங்கத்துக்கு அப்படி இல்லை. பவுண்டின் மதிப்பே தங்கத்தைக்கொண்டு அளக்கப்பட்டதால், பவுண்டில் தங்கத்தின் விலை ஏற வழியில்லை. எனவே சுரங்கக் கம்பெனி லாபத்தைக் கூட்ட வேண்டுமானால், செலவைக் குறைப்பது ஒன்றுதான் வழி. கே.ஜி.எஃப்.பில் வந்த தொழில்நுட்ப அதிசயங்கள் எல்லாம் இந்த நெருக்கடியின் பிள்ளைகள். 1887-இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட சயனைட் முறை, அரைத்த கல்லில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த தங்கத்தையும் கரைத்து எடுத்தது. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாகத் தங்கவயலை அடைந்தது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களில் அது ஒன்று. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

1914-இல் போர் வெடித்தது. எஃகு, வெடிமருந்து, மரம், சயனைட், கப்பல் கூலி எல்லாம் ஏறின. அரிசியும் துணியும் ஏறின. பேரரசின் தங்கத்துக்கு மட்டும் பழைய விலைதான். பீரங்கிக் குண்டு செய்தவர்களும் சணல் மூட்டை தைத்தவர்களும் கொழித்த ஆண்டுகள் அவை. போருக்கு அடிப்படையான தங்கத்தைத் தோண்டியவர்களின் கையில் எதுவும் கூடவில்லை. 1918-இல், லண்டன் நாணயச்சாலையின் கிளை ஒன்று பம்பாயில் சில மாதங்கள் இயங்கி, ஏறத்தாழ 13 லட்சம் சவரன் நாணயங்களை அடித்தது. பேரரசுக்குத் தங்கம் எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

கூலியை நெருக்குவதோடு கண்காணிப்பும் வளர்ந்தது. கையில் தங்கத் தாது வைத்திருப்பவர்தான் அதை நேர்வழியில் பெற்றதாக நிரூபிக்க வேண்டும் என்ற அளவுக்குச் சட்டம் போனது. 1930-இல் தொழிலாளர் அனைவரின் விரல் ரேகையையும் பதிய நிர்வாகம் முனைந்தது. விரல் ரேகையை ஆட்சிக் கருவியாக்கியதே காலனி இந்தியாதான்: 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஒப்பந்தங்களுக்குக் கைப்பதிவு வாங்கத் தொடங்கினார். 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகை அலுவலகம் திறக்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள் உழைத்தார்கள். குற்றவாளிகளுக்கென்று வளர்ந்த அந்த முறை தங்கள் மேல் திரும்பியபோது, தங்கவயல் தொழிலாளர்கள் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நாள் கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். படிப்பறிவில்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள், தனிமனித உரிமை என்ற கேள்வியை நாட்டில் பலருக்கும் முன்பே எழுப்பியிருக்கிறார்கள்.

மறு ஆண்டே நியூட்டனின் விலை உடைந்தது. 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்கத்திலிருந்து பவுண்டை அவிழ்த்துவிட்டது. அவுன்ஸுக்கு 85 ஷில்லிங் அளவில் இருந்த தூய தங்கத்தின் விலை, 1939-இல் 168 ஷில்லிங்குக்கு வந்தது. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனுக்காகக் குடியானவர்கள் விற்ற நகைகள் பம்பாய்த் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போன ஆண்டுகளும் அவையே. தங்கவயலில் இதன் விளைவு வேறு விதமாக இருந்தது. முன்பு எடுத்தால் கட்டுப்படியாகாது என்று விட்ட கல்லும், போகவே முடியாது என்று விட்ட ஆழமும் லாபக் கணக்குக்குள் வந்தன. சுரங்கம் மேலும் கீழே போனது.

அந்த ஆழத்தை மனிதர் எப்படித் தாங்கினர் என்பது வியப்புக்கும் வேதனைக்கும் உரியது. சாம்பியன் ரீஃப் கடைசியில் எட்டிய ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர். கோலார்ப் பாறையில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 12 டிகிரி கூடும். அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டியது. காற்றைக் குளிர்வித்து அனுப்பாமல் அங்கே உயிர் வாழ முடியாது. மேலே கிடக்கும் பாறையின் எடையோ, காற்று மண்டலம் நம்மீது தரும் அழுத்தத்தைப்போல 800 மடங்குக்கு மேல். கல்லை வெட்டி எடுத்துக் குடைவு உண்டாக்கும்போது அந்தச் சுமை ஓரங்களில் போய்க் குவிகிறது. கடினமான பாறை வளையாது. தாங்கும்வரை தாங்கி, ஒரு நொடியில் சிதறும். தங்கவயல்காரர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்று சொன்னது இதைத்தான். மேலே, தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளில் சுவர் அதிரும். வேலைக்குப் போனவர் எந்த ஷாஃப்டில் இருக்கிறார் என்று பெண்கள் ஓடுவார்கள்.

பாறை வெடிப்பைவிட அதிகம் பேரைத் தின்றது தூசு. குவார்ட்ஸைத் துளைக்கும்போது பறக்கும் மிக நுண்ணிய சிலிக்காத் துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அதை விழுங்கி அழிக்க வரும் பாதுகாப்பு அணுக்கள் தாமே செத்துவிழும். அந்த இடம் தழும்பாகி இறுகும். மூச்சு சுருங்கும், காசநோய் எளிதில் தொற்றும். சிலிக்கோசிஸ் என்ற இந்நோய் இந்தியாவில் முதன்முதலில் முறையாகப் பதிவானதே கோலார் தங்கச் சுரங்கத்தில்தான், 1947-இல். சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து! அதுவரை மனிதர்கள் இருமி இருமிச் செத்தார்கள், பெயரில்லாத நோயால்.

இரண்டாம் உலகப் போரில் 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. தென்னிந்தியக் கூலிக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்த அரிசிதான். விலைவாசி பறந்தது. ரஷ்யப் புரட்சியின் சிந்தனை கம்யூனிஸ்ட் தொழிற்சங்கமாக லைன் வீடுகளுக்குள் வந்தது. கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் போன்றவர்கள் அமைப்பைக் கட்டினார்கள். போர் முடிந்த மறு ஆண்டு, 1946 நவம்பர் 4 அன்று, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். சுதந்திரத்துக்கு ஒன்பது மாதங்களே இருந்தன.

தங்கத்தின் விலைக்கு மறுபடியும் கட்டுப் போடப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு, அவுன்ஸுக்கு 35 டாலர் என்பது உலக நாணய அமைப்பின் அச்சாணி ஆனது. அந்த மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். 1956-இல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசு. எஜமானர் மாறியும் விலை மாறவில்லை. தங்கவயல் தன் தங்கத்தைப் பன்னாட்டு நாணய நிதியத்தின் விலையில் அரசுக்குக் கொடுத்தது: 10 கிராமுக்கு 53 ரூபாய் 58 பைசா. 1960களின் தொடக்கத்தில் பம்பாய்ச் சந்தையில் அதைப்போல இரு மடங்குக்கு மேல் விற்றது. பிறகு அதே சுரங்கத்தை நட்டத்தில் ஓடுகிறது என்றார்கள். தாதுவில் தங்கம் குறைந்ததும் ஆழம் கூடியதும் உண்மை. ஆனால் அந்த நட்டக் கணக்கில் பாதிக் கதைதான் இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் சந்தை விலையில் பாதிக்கு நாட்டின் கையிருப்பை நிரப்பிக் கொடுத்தவர்களை நட்டக்காரர்கள் என்று சொல்வது அநியாயம்.

இந்தக் கட்டத்தில்தான் அந்த ஆழம் யாரும் எதிர்பாராத ஒன்றைக் கொடுத்தது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது மியூயான், நியூட்ரினோ என்ற துகள்கள் உண்டாகின்றன. மியூயான் மழை ஓயாமல் பொழிவதால், பெரும்பாலும் எதனோடும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோவைத் தரைமட்டத்தில் பிரித்தறிய முடியாது. 1951-இல் ஹோமி பாபாவின் மாணவர் பி.வி. ஸ்ரீகண்டன் கருவிகளோடு தங்கவயலுக்குப் போனார். ஆழம் கூடக்கூட மியூயான் எப்படிக் குறைகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். சுமார் 2.7 கிலோமீட்டரில் இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு மியூயான்கூட வரவில்லை. வேறொருவர் தோல்வி என்று எண்ணியிருக்கலாம். அவர்களோ, நியூட்ரினோவுக்குத் தேவையான அமைதி இங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன் முதலான டாடா ஆய்வு நிறுவனத்தார், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தார், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் ஆகிய மூன்று குழுவினரும் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை 1965-இல் கண்டார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் கண்டது. ஆண்டவர்கள், ஆளப்பட்டவர்கள், இருபது ஆண்டுகளுக்கு முன் இருவரோடும் பர்மாக் காட்டில் சண்டையிட்டவர்கள் என்ற மூன்று தரப்பும் ஒரே சுரங்கக் கூண்டில் இறங்கியதை எண்ணினால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. கருவிகளுக்குக் குடைவு வெட்டியும் பாரம் இறக்கியும் கொடுத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் வெளியே போன தங்கம் சுமார் 800 டன். ஊரில் தங்கியது, தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், 3 கோடி டன்னுக்கு மேல், 13 சயனைட் மேடுகளாக. காற்றுக் காலத்தில் அந்தத் தூசு வீடுகளுக்குள் வருகிறது. தங்கத்தின் விலை ஏறிவிட்டதால், அந்த மேடுகளை மறுபடியும் அரைத்துத் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2024-இல் ஒப்புதல் அளித்தது. இந்த முறையாவது வரிசை மாறட்டும்: முதலில் லைன் வீடுகளில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நுரையீரல் பரிசோதனை, மருத்துவம், குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா. அதன் பிறகு மேட்டில் மண்வெட்டி இறங்கட்டும்.