நகைப்பட்டறையிலிருந்து கதவுக் கைப்பிடி வரை

பழைய வீடு ஒன்று இடிபடும்போது முதலில் வெளியேறுவன அதன் பித்தளைப் பொருள்களே. கதவுக் கைப்பிடி, தாழ்ப்பாள், கீல், அலமாரிக் குமிழ், விளக்குச் சங்கிலி ஆகிய யாவும் ஒரே சாக்கில் இடப்பட்டுப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறுகின்றன. கடைக்காரர் எடைக்குத்தான் விலை தருவார். வார்ப்பிலும் செதுக்கலிலும் ஒரு கைவினைஞர் செலவிட்ட நாள்களுக்கு அங்கே விலை கிடையாது. அதே வீட்டார் புதுவீட்டுக்கென வாங்கிவரும் கைப்பிடிகளோ, பல வேளைகளில், துத்தநாக வார்ப்பின்மேல் மெல்லிய முலாம் பூசப்பட்டவையாக இருக்கின்றன.

இந்த இழப்பைத் தடுக்கும் கைத்திறனைக் கற்க ஏற்ற இடம், சற்று வியப்பாகத் தோன்றினாலும், நகைப்பட்டறைதான். பொழுதுபோக்காகவோ துணைத்தொழிலாகவோ கையால் உலோக நகை செய்யக் கற்பவர்களை இன்று பல நகரங்களில் காண்கிறோம். செம்பிலும் பித்தளையிலும் காதணி செய்யப் பழகிய ஒருவர், தாம் அறியாமலேயே வீட்டுக் கதவின் பழம்பொருள்களைப் புதுப்பிக்கவும் பாதி கற்றுவிடுகிறார். உலோகம் ஒன்றே; அதை ஆளும் தீயும் அமிலமும் ஒன்றே.

பட்டறையின் முதற்பாடம், உலோகம் களைத்துப்போகும் என்பது. கம்பியை வளைக்க வளைக்க, தகட்டைத் தட்டத் தட்ட, அது இறுகுகிறது. மேலும் வருத்தினால் விரிசல் விடுகிறது. அப்போது மங்கிய ஒளியில் வைத்து, இளஞ்சிவப்பு தோன்றும் வரை சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் இளகும். கட்டாக்கின் 'தாரகசி' வெள்ளிக் கம்பி வேலை இந்த இளக்கத்தை நம்பியே நடக்கிறது. துளைகளிட்ட எஃகுத் தகட்டின் வழியாக வெள்ளியை மேலும் மேலும் மெல்லிய கம்பியாக இழுக்கும்போது, இடையிடையே தீயில் காட்டி இளக்காவிடில் கம்பி அறுந்துவிடும். 2024இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. தெலங்கானாவின் கரீம்நகர் கம்பி வேலைக்கு அக்குறியீடு 2007இலேயே கிடைத்துவிட்டது.

இந்தப் பாடத்தைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் படைக்கிடங்குகளில் வைக்கப்பட்டிருந்த பித்தளைத் தோட்டா உறைகள், யாரும் தொடாமலே, மழைக்காலத்தில் விரிசல் விட்டன. கிடங்குகள் குதிரை லாயங்களை ஒட்டி இருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றில் கலந்து, அழுத்தி உருவாக்கப்பட்டு இறுக்கம் தங்கியிருந்த பித்தளையைத் தாக்கியதே காரணம் என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. உறைகளை மிதமாகச் சூடாக்கி உள்ளிறுக்கத்தை நீக்கியதும் சிக்கல் தீர்ந்தது. வளைத்தோ தட்டியோ உருவாக்கிய பித்தளைக் கைப்பிடியை அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தில் ஊறவைக்கக் கூடாது என்று சொல்வதன் பின்னணி இதுவே. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. குப்பியின்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

அடுத்தது பற்றவைத்தல். வெள்ளிப் பற்றாசும் வெண்காரமும் கொண்டு ஊதி இணைக்கும் இவ்வேலையிலிருந்தே 'பொடி வைத்துப் பேசுதல்' என்னும் வழக்கு வந்ததாகச் சொல்வர். கேட்மியம் கலந்த பற்றாசைத் தவிர்க்க வேண்டும், 'கே.டி.எம்.' என்ற பெயருக்குக் காரணமான அவ்வுலோகத்தின் புகை நுரையீரலுக்குத் தீங்கானது. பற்றவைத்தபின் அமிலக் கரைசலில் இடும்போது இரும்புக் குறட்டை உள்ளே விடலாகாது. விட்டால் கரைசலில் உள்ள செம்பு நகையின்மேல் படிந்து வெள்ளியும் சிவக்கும்.

இனி வீட்டுக்கு வருவோம். முதலில் காந்தம். ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. மேலே தெரிவது பூச்சு. இதை அறியாமல் ஒரு தாழ்ப்பாளை இரும்பு நாரால் மாலை முழுதும் தேய்த்து, பொன்னிறம் போய்ச் சாம்பல் நிறம் வெளிப்பட்டபோதுதான் அடியேனும் இப்பாடத்தைக் கற்றேன். காந்தம் ஒட்டாதிருந்தும் புளி வைத்துத் தேய்த்துப் பயனில்லை என்றால், மேலே பழைய லாக்கர் பூச்சு இருக்கிறது என்று கொள்ளலாம். அதைக் கரைப்பானால் நீக்கியபின்பே புளி வேலை செய்யும்.

வண்ணம் பூசப்பட்ட பொருளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம். அளவைக் கடக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் தீயில் எரிப்பதும் நஞ்சைக் காற்றில் விடுவதாகும். சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில், சோடா உப்புக் கலந்த நீரில் மெல்லக் கொதிக்கவிட்டால் பூச்சு தோல்போல் கழன்றுவரும்.

ஆனால் கறுத்ததெல்லாம் அழுக்கன்று. செம்பில் ஏறிய களிம்பைச் சைவ சித்தாந்திகள் ஆணவமலத்துக்கு உவமையாக்கினர். பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் பாத்திரம் செய்யும் தட்டேராக்கள் புளியும் மணலும் கொண்டு அதைத் துலக்குகின்றனர். அவர்களின் கைத்தொழில் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. கர்நாடகத்தின் பீதரிலோ கைவினைஞர் கருமையையே தேடிச் செல்கிறார். துத்தநாகத்தில் சிறிது செம்பு சேர்த்து வார்த்து, வெள்ளி பதித்து, கோட்டையின் பழைய மண்ணும் நவச்சாரமும் கலந்த கொதிகரைசலில் இடுகிறார். உலோகம் கறுக்க, வெள்ளி மட்டும் ஒளிர்கிறது. அத்தகைய பீதரிக் கிண்ணத்தைப் புளியிட்டுத் துலக்குபவர் அதன் அழகையே துடைத்தெறிகிறார். பல தலைமுறைகளின் கைபட்டுப் பழுப்பேறிய கைப்பிடியையும் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, தேன்மெழுகு தடவி விட்டுவிடுவதே என் விருப்பம். பளபளப்பே வேண்டுமெனில் துலக்கியபின் மெழுகு பூசலாம். தேய்ந்தால் மீண்டும் பூசுவது எளிது. லாக்கரோ கைபடும் இடத்தில் திட்டுத்திட்டாக உரியும்.

இதைத் தொழிலாக்க எண்ணுவோருக்கு இரு வழிகளைச் சொல்லலாம். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இலவசமாகப் பயிற்சி தருகின்றன; 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சியே அவற்றுக்கு முன்மாதிரி. ஏற்கெனவே கைத்தொழிலில் இருப்போருக்கு, 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டம் உண்டு. அதன் 18 தொழில்களுள் பொற்கொல்லரும் பூட்டு செய்வோரும் அடங்குவர். பிணையின்றி முதலில் 1 லட்சம் ரூபாய், அதை முறையாகச் செலுத்தியபின் 2 லட்சம் ரூபாய் என 5 சதவீத வட்டியில் கடனும், கருவிகளுக்கென 15,000 ரூபாய் வரை உதவியும் கிடைக்கும்.

வீடு இடிக்கப்படுவதற்கு முன் பொருள்களைக் கழற்றுபவர்களுக்கு ஒரு சொல். ஒவ்வொரு கதவின் திருகாணிகளையும் தனித்தனி உறையிலிட்டு, எந்தக் கதவுக்குரியவை என்று எழுதி வையுங்கள். பழைய பித்தளைத் திருகாணிக்கு இணையான மரை இன்றைய கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.