வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வருமா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஈப்போ, கம்பார், தாப்பா வட்டாரக் குடும்பங்கள் பல, நாசி லெமாக் பொட்டலமும் பாயும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பிவிடும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலையோரம் லாத்தா இஸ்கண்டார் இருக்கிறது. செண்டெரியாங் அருகே லாத்தா கிஞ்சாங் இருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீர், தலைக்கு மேல் நீல வானம். இதில் என்ன ஆபத்து என்றே தோன்றும்.

ஆனால் மாணவர்களே, ஆற்றில் நீர் ஏறுவதற்கு நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே, தித்திவாங்சா மலைத்தொடரில் பெய்தால் போதும். ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். மலையில் 5 சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 250 மில்லியன் லிட்டர்! 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள நீச்சல் குளங்கள் 100 நிரம்பும். காட்டு மண் இதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். முந்தைய நாள் மழையில் மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் பெரும்பகுதி ஆற்றுக்கே வரும். மலைச்சரிவு செங்குத்தாக இருப்பதால் வேகமாகவும் வரும்.

இப்படித் திடீரெனப் பாய்ந்து வரும் நீரை மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். ‘நீரின் தலை’ என்பது பொருள். சில வேளைகளில் விழுந்த மரங்களும் மண்ணும் மேலே ஆற்றை அடைத்துக்கொள்ளும். பின்னால் நீர் தேங்கும். அந்த அடைப்பு உடைந்தால் நீர், சேறு, மரம் எல்லாம் ஒன்றாக இறங்கும்.

1996 ஆகஸ்ட் 29-ஆம் நாள் மாலை, கம்பாருக்கு அருகிலுள்ள போஸ் டிப்பாங் பூர்வக்குடி கிராமத்தில் கனமழைக்குப் பின் சேறும் மரங்களும் கலந்த வெள்ளம் பாய்ந்தது. 44 உயிர்கள் பறிபோயின. அவர்கள் உல்லாசமாகக் குளிக்கப் போனவர்கள் அல்லர், ஆற்றோரத்திலேயே வாழ்ந்தவர்கள்.

‘எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்’ என்பது இங்கே உதவாது. நீரின் வேகம் இரு மடங்கானால், அது நம் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு.

ஆறு பெரும்பாலும் முன்கூட்டியே சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்த நீர் கலங்கும். இலைகளும் குச்சிகளும் திடீரென மிதந்து வரும். மேற்பகுதியிலிருந்து இரைச்சல் கேட்கும். நீர்மட்டம் காரணமின்றிக் குறைவதும் ஆபத்துதான். மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பு, கைப்பேசி எதையும் தேடாமல் கரையேறுங்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏறுங்கள். ஆற்றின் நடுவிலுள்ள பாறையில் பாயை விரிக்கவே வேண்டாம். யாராவது அடித்துச் செல்லப்பட்டால், பின்னால் குதிக்காமல் 999-க்கு அழையுங்கள்.

நேரமும் முக்கியம். காலை வெயிலில் சூடான ஈரக்காற்று மலைமேல் எழுந்து குளிர்ந்து, பிற்பகலில் இடிமழையாகக் கொட்டும். பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் இது அதிகம். தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன்னே வேலையைத் தொடங்கினார்கள். ஆற்றுக்குப் போகவும் அந்தப் பழக்கமே நல்லது: விடிந்ததும் போய், மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடுங்கள். இருக்கும்வரை, குடும்பத்தில் ஒருவர் மலைப்பக்கம் ஒரு கண் வைத்திருக்கட்டும். அந்த ஒருவர் நீங்களாகவே இருங்களேன்.