எல்லை மண் தந்த இருவர்

தமிழும் மலையாளமும் இணைந்தொலிக்கும் வடகரப்பதி அமைந்துள்ள பாலக்காடு மாவட்டம், தமிழ்த் திரையுலகிற்கு அளித்த இருவரை நினைவுகூர்கிறோம்.

1928-இல் எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் நான்கு வயதில் தந்தையை இழந்தார். திரையரங்கில் தின்பண்டம் விற்றார். வடவன்னூரைப் பூர்வீகமாகக் கொண்ட எம்.ஜி.ஆர். 1917-இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தார். அவரும் இளமையில் தந்தையை இழந்து, படிப்பை நிறுத்தி நாடகக் குழுவில் சேர்ந்தார். 1973-இல் எம்.ஜி.ஆர். இயக்கி நடித்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்திற்கு எம்.எஸ்.வி.யே இசையமைத்தார்.

அவர்களைத் திறமை கரைசேர்த்தது. தந்தையை இழக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வாய்ப்பதில்லை. ஆண்டுக்கு 436 ரூபாய் பிரீமியத்தில் 2 இலட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு தரும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில், சேமிப்புக் கணக்குடைய 18 முதல் 50 வயதினர் சேரலாம். வாரிசு நியமனத்தையும் மறவாது பதிவு செய்ய வேண்டுகிறோம்.