பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம்

கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, ஏற்றத்தில் ஏறிய மூச்சு அடங்குமுன் தோட்ட டிஸ்பென்சரியில் கையை நீட்டினால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டும். பசறை, லுணுகலை, அப்புத்தளை என்று பதுளை மாவட்டத் தோட்டங்களில் இருப்போர், அந்த எண் எப்படி வருகிறது என்று அறிந்திருப்பது நல்லது.

ஊசி ஏற்றாமல் அழுத்தத்தை அளக்கும் கைப்பட்டியை 1896இல் இத்தாலிய டொக்டர் ரிவா ரொச்சி அறிமுகப்படுத்தினார். மணிக்கட்டில் நாடி அடங்குவதைத் தொட்டுப் பார்த்ததால் மேல் அழுத்தம் மட்டுமே கிடைத்தது. 1905இல் ரஷ்யாவின் கொரொட்கோவ் பட்டிக்குக் கீழே நாடியின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பட்டி நாடியை முழுதாக அடைத்திருக்கும்போது சத்தமே இல்லை. காற்றை மெல்ல இறக்கும்போது இரத்தம் திமிறிப் பாயும் முதல் சத்தம் மேல் எண்; சத்தம் மறையும் இடம் கீழ் எண்.

பட்டன் அமுக்கும் மெஷின் சத்தம் கேட்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் பட்டிக் காற்றில் எழும் சிறு அதிர்வை உணர்கிறது. அதிர்வு உச்சமாகும் இடம் ஏறக்குறைய சராசரி அழுத்தம்; மேல், கீழ் எண்களைக் கணக்குப் போட்டே காட்டுகிறது. பேசினாலும், கையை அசைத்தாலும், நாடித் துடிப்பு ஒழுங்கு தப்பியிருந்தாலும் அந்தக் கணக்குப் பிசகும். சத்தம் கேட்டு அளக்கப் பயன்படும் பாதரச மானிகள் உலகெங்கும் விலக்கப்பட்டு வருவதால், இனி இந்த மெஷினைத்தான் நம்பியிருக்கப் போகிறோம்.

கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினாலே 7, 8 புள்ளி கூடிவிடும். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினாலும் பொய்யாகக் கூடும். அளப்பதற்கு அரை மணி முன்பிருந்தே தேநீர், சுருட்டு, புகையிலை வைத்த வெற்றிலை மூன்றும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் மட்டுமல்ல, வேறொரு நாளும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பொதுவாக நோய் என்று முடிவு செய்வார்கள்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தலைவலி, மயக்கம் எதுவும் காட்டாமலே மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நோய் இது.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிஸ்பென்சரியில் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியும், கை வைக்க ஒரு மேசையும், பெரிய அளவுப் பட்டி ஒன்றும் வையுங்கள். பிரஷர் பார்க்க வரும் தொழிலாளிக்கு அந்த ஐந்து நிமிடத்தைச் சம்பளத்தில் வெட்டாதீர்கள்.